3,500 ரூபாய்க் கணக்கு: அரசுப் பள்ளியில் சிறப்புக் கல்விக்குப் பணம் வரும் வழி

அரசுப் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறன் குழந்தைக்கு என்ன தேவை என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சாய்வுதளம், சக்கர நாற்காலி, உதவித்தொகை என்று சொல்வார்கள். மூன்றும் தேவைதான். ஆனால் காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி தெரிந்த ஒருவர் வகுப்பில் வேண்டும். பார்வையற்ற குழந்தைக்குப் பிரெயில் சொல்லித்தர ஒருவர் வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு வாரம் தவறாமல் இயன்முறைப் பயிற்சி வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் பொறுமையாக, அதன் போக்கைப் புரிந்துகொண்டு பழக ஆள் வேண்டும். சிறப்புக் கல்வியில் பெரும் செலவு இப்படிப்பட்ட மனிதர்களுக்கான சம்பளம்தான். பொருளை ஒருமுறை வாங்கிக் கொடுத்துவிடலாம். சம்பளம் மாதாமாதம் வர வேண்டும், அடுத்த ஆண்டும் வரும் என்ற நிச்சயமும் வேண்டும். நம் நாட்டில் இந்தப் பணம் வந்துசேரும் முறையில் அந்த நிச்சயம் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்கப் பார்க்கிறது.

முதலில் சட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. 2012இல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளை வெளிப்படையாக அதற்குள் கொண்டுவந்தது. கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே கற்கவும் வழிவிட்டது. அப்புறம் 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 31ஆவது பிரிவு, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்புள்ள குழந்தைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, எது விருப்பமோ அங்கே இலவசமாகக் கற்கும் உரிமையைத் தருகிறது.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. சமூகப் பாதுகாப்பைப் பற்றிய 24ஆவது பிரிவும் மறுவாழ்வைப் பற்றிய 27ஆவது பிரிவும், அரசு தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு இவற்றைச் செய்யும் என்று ஒரு வரம்பு வைக்கின்றன. கல்வியைப் பற்றிய 31ஆவது பிரிவில் அந்த வரம்பு இல்லை. அதாவது ‘கையில் காசு இருந்தால் கொடுப்போம்’ என்ற நிபந்தனையைச் சட்டம் இயற்றியவர்கள் இந்த உரிமைக்கு வைக்கவில்லை. ஆனால் அந்தக் காசு எங்கிருந்து, எவ்வளவு, எந்த விகிதத்தில் வர வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் நிதிப் பொறுப்பு உண்டு என்கிறது. அதற்கு மேல் எல்லாம் நிர்வாகத் திட்டங்களின் கையில்.

அந்தத் திட்டங்களுக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. 1974இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சாதாரணப் பள்ளியில் சேரும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் புத்தகம், சீருடை, போக்குவரத்து, துணைக்கு வருபவர், பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டுபவர் என்று தனித்தனியாகப் படிகள் கொடுத்தார்கள். எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்ற விகிதமும் அதில் இருந்தது. செலவை முழுக்க மத்திய அரசே ஏற்றது. 2000க்குப் பிறகு அனைவருக்கும் கல்வித் திட்டம் வந்ததும் கணக்கிடும் முறையே மாறியது. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் என்று தலைக்கணக்கு ஆரம்பித்தது. பிறகு அது 3,000 ஆனது. அதில் குறைந்தது 1,000 ரூபாயை ஆசிரியர்களுக்காகச் செலவிட வேண்டும் என்றும் விதி வந்தது. 2009-10இல் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு தனித்திட்டம் வந்தது. 2018-19இல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ‘சமக்ர சிக்ஷா’ ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் நாம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்று சொல்வது இதைத்தான். இங்கே தலைக்கணக்கு 3,500 ரூபாய். மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை தனியாக உண்டு. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று செலவைப் பிரித்துக்கொள்கின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90க்கு 10.

2021இல் இத்திட்டத்தை 2026 மார்ச் வரை நீட்டித்தபோது மொத்த மதிப்பீடு 2,94,283 கோடி ரூபாய். ஆனால் மாற்றுத்திறன் குழந்தைக்கான 3,500 அப்படியே நின்றது. மேல்தொடக்க வகுப்புகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் 220 பள்ளி நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்குப் பதினாறு ரூபாய்கூட வராது. இந்தப் பணத்தில்தான் உதவி உபகரணம், சிறப்புக் கற்றல் பொருள், போக்குவரத்து, துணைக்கு வருபவருக்கான படி எல்லாம் அடங்க வேண்டும். வாரம் இருமுறை ஆட்டோ வைத்துப் பயிற்சிக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் ஒரு தாய்க்கு இந்தத் தொகை எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறப்புப் பயிற்றுநர்களின் ஊதியத்துக்கு இத்திட்டத்தில் தனி ஒதுக்கீடு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018-19இல் திட்டத்தின் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகுதிக்கு நாடு முழுக்க ஒப்புதலான தொகை, எல்லாம் சேர்த்து ஆயிரம் கோடி ரூபாயைச் சற்றே தாண்டியது. 30 ஆயிரம் கோடியைத் தாண்டும் ஒரு திட்டத்துக்குள் அது ஒரு சிறு ஓரம்.

தலைக்கணக்கில் அடிப்படையான ஒரு கோளாறு இருக்கிறது. காதொலிக் கருவி மாட்டிக்கொண்டு வகுப்பில் நன்றாகப் படிக்கும் குழந்தைக்கும், எழுந்து உட்காரவே இன்னொருவர் உதவி தேவைப்படும் குழந்தைக்கும் திட்டத்தில் ஒரே தொகைதான் கணக்கு. மாவட்ட அளவில் அதிகாரிகள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கொடுக்கலாம். ஆனாலும் மேலிருந்து வரும் மொத்தப் பணம் எண்ணிக்கையைப் பார்த்து வருகிறதே தவிர, தேவையின் ஆழத்தைப் பார்த்து வருவதில்லை.

சரி, அந்த எண்ணிக்கையாவது ஒழுங்காக இருக்கிறதா? அங்கே இன்னும் பெரிய பள்ளம். ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகள் கொடுக்கும் தரவை வைத்து மாவட்டம் ஒரு திட்டம் போடும். அவற்றைத் தொகுத்து மாநிலத் திட்ட இயக்ககம் டெல்லிக்கு அனுப்பும். அங்கே திட்ட ஒப்புதல் வாரியம் கூடி, பேசி, வெட்டி, ஒப்புதல் தரும். அதன் பிறகு பணம் தவணைகளில் வரும். முந்தைய தவணையைச் செலவழித்ததற்குச் சான்று வேண்டும், மாநிலம் தன் பங்கைப் போட்டிருக்க வேண்டும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, வகுப்பாசிரியர் பதிவேட்டில் ‘மாற்றுத்திறன் மாணவர்’ என்று குறிக்கும் ஒரு பதிவு. அந்தப் பதிவு விழவில்லை என்றால் அந்தக் குழந்தைக்கு டெல்லியிலிருந்து ஒரு பைசா புறப்படாது.

2021-22இல் இந்தியாவில் தொடக்கப்பள்ளி முதல் மேல்நிலைப்பள்ளி வரை சுமார் 25.57 கோடிப் பேர் படித்தார்கள். அவர்களில் மாற்றுத்திறன் குழந்தைகள் என்று பதிவானவர்கள் 22.67 லட்சம். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. உலகில் பத்தில் ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு வகைக் குறைபாடு உண்டு என்பது யுனிசெஃப்பின் மதிப்பீடு. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் சிறப்புக் கல்வி பெறுகிறார். வரையறைகள் வேறு வேறுதான். வாசிப்புக் குறைபாடு, பேச்சுச் சிக்கல் எல்லாவற்றையும் அவர்கள் சேர்த்து எண்ணுகிறார்கள். ஆனால் நம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலிலும் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது, பேச்சு மொழிக் குறைபாடு இருக்கிறது. சட்டத்தில் ஏறிய பிள்ளைகள் பதிவேட்டில் ஏறவில்லை. நம் வகுப்புகளில் ‘மக்கு’, ‘சேட்டை’, ‘கவனமில்லை’ என்று பெயர் வாங்கிக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பிள்ளைகள் இந்தக் கணக்கில் விடுபட்டவர்கள்.

ஏன் விடுபடுகிறார்கள் என்பதற்கும் பணமே பாதிக் காரணம். குழந்தைகளைக் கண்டறிய ஊராட்சி ஒன்றிய அளவில் ஆண்டுக்கு ஒருமுறை முகாம் நடத்த இத்திட்டம் தருவது 10,000 ரூபாய். காது, கண், எலும்பு, மனநலம் என்று நான்கு மருத்துவர்களை அழைத்துவந்து, ஊர் ஊராகப் பெற்றோரை வரவழைத்து, பந்தல் போட்டு, சாப்பாடு போட்டு முடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் குறைபாடு ஒரே நாள் முகாமில் பிடிபடும். கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் உறுதிசெய்ய வல்லுநர் ஒருவர் பல மணி நேரம், சில சமயம் பல அமர்வுகள், குழந்தையோடு இருக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அலைய வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் எத்தனை நாள் அலையும்? தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை ‘நலம் நாடி’ என்ற செயலி மூலம் ஆசிரியர்களே முதற்கட்டமாகக் கண்டறியும் வழியைக் கொண்டுவந்தது. அது நல்ல தொடக்கம். ஆனால் செயலியில் பெயர் வந்தபின் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டுமே.

இங்கேதான் சிறப்புப் பயிற்றுநர்களின் கதைக்கு வருகிறோம். இந்தப் பிரச்சினையின் நடு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இவர்கள் வட்டார வள மையத்தை, அதாவது வட்டார அளவில் பள்ளிகளுக்கு உதவும் கல்வி அலுவலகத்தை, சார்ந்து வேலை செய்கிறார்கள். ஒரு பள்ளிக்கு ஒருவர் கிடையாது. ஒருவருக்குப் பல பள்ளிகள். இன்று இந்த ஊர், நாளை அடுத்த ஊர், ஒரு நாள் மையத்தில் பயிற்சி, ஒரு நாள் படுக்கையிலிருக்கும் குழந்தையின் வீட்டுக்கு வீட்டுவழிக் கல்விக்காக. செவித்திறன் குறைபாட்டில் பயிற்சி பெற்றவர் அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தையையும் பார்ப்பார், ஏனென்றால் வேறு ஆள் இல்லை. நடுவில் முகாம் வேலை, அடையாள அட்டை வேலை, தரவு ஏற்றும் வேலை. இயன்முறை மருத்துவரும் இப்படித்தான் சுற்றுகிறார். இத்தனைக்கும் பெரும்பாலானவர்கள் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற, சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்த ஆசிரியர்கள். பதினைந்து இருபது ஆண்டுகள் வேலை பார்த்தும் பணிப்பாதுகாப்பு இல்லாமல் இருப்பவர்கள் இவர்களில் உண்டு. நிரந்தரம் கேட்டு, சென்னையில் பள்ளிக் கல்வித்துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் இவர்கள் உட்காராத ஆண்டு குறைவு.

நாடு முழுக்கவும் இதே நிலைதான். 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்திட்டத்தில் ஊதியம் பெற்ற சிறப்புப் பயிற்றுநர்கள் 30 ஆயிரத்துக்கும் குறைவு. பதிவான குழந்தைகளை மட்டும் வைத்து வகுத்தாலே ஒருவருக்கு எழுபது, எண்பது பேர். இந்த நிலையில்தான் ரஜனீஷ் குமார் பாண்டே என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது: தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து குழந்தைகளுக்கு ஒருவர், அவர்களும் நிரந்தரப் பணியிடங்களில். 2022இல் மத்திய அரசும் அந்த விகிதத்தை அறிவிக்கையாக வெளியிட்டது. பணியிடங்கள் மட்டும் வரவில்லை. 2025 மார்ச் 7 அன்று அதே வழக்கில் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது: ஒவ்வொரு மாநிலமும் எத்தனை பணியிடங்கள் என்று மார்ச் 28க்குள் அறிவிக்க வேண்டும், பல ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் இருப்பவர்களைக் குழு அமைத்துத் தகுதி பார்த்துப் பணியில் எடுக்க வேண்டும்.

மாநிலங்கள் ஏன் இழுக்கின்றன? அலட்சியமும் உண்டு. அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். நிரந்தரப் பணியிடம் என்றால் முப்பது ஆண்டுச் சம்பளம், பிறகு ஓய்வூதியம். மத்திய அரசின் 60 விழுக்காடோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் திட்டத்தின் வழியே, ஆண்டுதோறும் ஒப்புதல் பெற்று, தவணையாக வருவது. நாளைக்குத் திட்டம் மாறினால், நின்றால், முழுச் சுமையும் தன் தலையில் விழும் என்று மாநில நிதித்துறை பயப்படுகிறது. அதனால் ஆளை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்கிறது. சாய்வுதளம் கட்டினால் ஒருமுறை செலவு, படம் எடுத்துப் போடலாம், கணக்கும் முடிந்தது. அதுவே இன்னும் முழுதாக ஆகவில்லை என்பது வேறு: 2023-24 தரவுப்படி கைப்பிடியுள்ள சாய்வுதளம் நாட்டில் சுமார் 52 விழுக்காடு பள்ளிகளில்தான் இருந்தது.

அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை என்பதை 2024-25 காட்டியது. அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான திட்டம் 3,586 கோடி ரூபாய். மத்தியப் பங்கு ஏறக்குறைய 2,152 கோடி. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதோடு பிணைந்த ‘பிஎம் ஸ்ரீ’ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அந்தப் பங்கு வரவில்லை. திட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் செப்டம்பர் மாதச் சம்பளம் தள்ளிப்போனது. பிறகு மாநில அரசு தன் நிதியிலிருந்து சமாளித்தது. 2025 மார்ச்சில் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, கேரளம், மேற்கு வங்கம், தமிழ்நாடு ஆகியவற்றுக்கு நிதி நிறுத்தப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, அப்படிச் செய்வது நியாயமில்லை என்றது. மே மாதம் தமிழ்நாடு அரசு, வட்டியோடு சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் மும்மொழிக் கொள்கை பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து கை காலை நீட்டி மடக்கிப் பயிற்சி தரும் ஒருவருக்காகக் காத்திருக்கும் குழந்தைக்கு இந்தச் சண்டையில் என்ன பங்கு? அந்தக் குழந்தையின் உரிமை கல்விக் கொள்கையிலிருந்து பிறந்ததே இல்லை. நாடாளுமன்றம் இயற்றிய இரண்டு சட்டங்களிலிருந்து பிறந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில், தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காடு இடங்களுக்கான தொகை குறித்த வழக்கில் கிட்டத்தட்ட இந்த வாதத்தை ஏற்றது: கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்றது. அதற்குப் பிறகு அந்தப் பகுதித் தொகை விடுவிக்கப்பட்டது. அதே நியாயம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பணத்துக்கும் பொருந்தும் என்பதே என் வாதம். சட்ட உரிமைக்கான தொகையைத் திட்டத்தின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து, எந்த ஒப்பந்தத்துக்காகவும் நிறுத்த முடியாதபடி தனிக்கணக்கில் வைக்க வேண்டும்.

பணக்கார நாடுகளில் இதெல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1975இல் சிறப்புக் கல்விச் சட்டம் வந்தபோது, கூடுதல் செலவுக்காக ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாக மத்திய அரசு வாக்குக் கொடுத்தது. கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டே இது நிறைவேற்ற முடியாத அளவுக்கு வாக்குறுதி தருகிறது என்று அன்றே எச்சரித்தார். வழக்கமான ஆண்டு ஒதுக்கீட்டில் அந்த அளவின் பாதியைக்கூட ஒருநாளும் எட்டவில்லை. அண்மை ஆண்டுகளில் 12 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் 2004இல், மாணவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மேல் சிறப்புக் கல்வி பெறக் கூடாது என்பதுபோல ஓர் இலக்கு வைத்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கதவு மூடப்பட்டது. 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் அதை அம்பலப்படுத்திய பிறகே அந்த இலக்கு கைவிடப்பட்டது. ஆனால் அங்கே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று எழுதி, வாரம் எத்தனை மணி நேரம் என்ன பயிற்சி என்று பெற்றோரை வைத்துக்கொண்டே முடிவுசெய்ய வேண்டும். எழுதியதைக் கொடுக்காவிட்டால் பெற்றோர் வழக்குப் போடலாம். ‘நிதி வரவில்லை’ என்று பள்ளி நிர்வாகம் கை விரிக்க முடியாது. மத்திய அரசு தராத பணத்தை மாநிலமும் உள்ளூர் நிர்வாகமும் எப்படியாவது தேடிக் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் பணம் நின்றால் பயிற்சி நிற்கிறது. கேட்பதற்குப் பெற்றோர் கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

பெற்றோர் பலருக்கு எந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே குழப்பம். கடுமையான பாதிப்புள்ளோருக்கு மாதம் 2,000 ரூபாய் வரும் பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையுடையது. அதற்கும் பள்ளிக்கும் தொடர்பில்லை. சிறப்புப் பள்ளிகளும் அந்தத் துறையின் கீழ்தான் வருகின்றன. சாதாரண அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கான பயிற்சி, உபகரணம், போக்குவரத்துப்படி, துணைக்கு வருபவருக்கான படி ஆகியவை பள்ளிக் கல்வித்துறை வழியே, வட்டார வள மையம் மூலமாக வருபவை. ஒன்றை வாங்குவதால் இன்னொன்று போய்விடும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது அந்தக் குழுவின் பொறுப்பு, மேலே போகும் கணக்குக்கு அதுவே அடித்தளமாக இருக்க வேண்டும். மாற்றுத்திறன் குழந்தையின் தாயோ தந்தையோ அதில் உட்கார்ந்து, எங்கள் பள்ளிக்குச் சிறப்புப் பயிற்றுநர் மாதம் எத்தனை முறை வந்தார், என் பிள்ளையின் பெயர் பதிவில் இருக்கிறதா, போன ஆண்டு 3,500இல் என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுத வைக்கலாம். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிட 2016ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 2026 மார்ச்சுக்குப் பின் வரும் திட்டத்தில் தலைக்கணக்குத் தொகை எவ்வளவு, பாதிப்பின் அளவுக்கேற்ப அது கூடுகிறதா, நிரந்தரச் சிறப்புப் பயிற்றுநரின் சம்பளத்தில் மத்தியப் பங்கு உறுதியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பவற்றை இந்தப் பெற்றோரும் ஆசிரியர் அமைப்புகளும் விடாமல் கேட்க வேண்டியிருக்கிறது.